வகைப்படுத்த இயலாத ஒரு பாக்டீரியா: நெதர்லாந்துப் பன்றிப் பண்ணைகளும் சிசி398உம்

2004ஆம் ஆண்டில், நெதர்லாந்தின் கிழக்கே ஜெர்மன் எல்லையை ஒட்டிய நைமேகன் நகரின் மருத்துவமனையில், ஆறு மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு அறுவை சிகிச்சை செய்ய ஏற்பாடாகியிருந்தது. அறுவைக்கு முன் வழக்கமாக எடுக்கும் மாதிரிகளில், மெத்திசிலின் மருந்துக்குக் கட்டுப்படாத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், அதாவது எம்ஆர்எஸ்ஏ இருப்பது தெரியவந்தது. மருத்துவர்கள் இதைச் சற்றும் எதிர்பார்க்கவில்லை. குழந்தை வெளிநாட்டு மருத்துவமனை எதிலும் இருந்ததில்லை. எம்ஆர்எஸ்ஏ உள்ளவர் என்று அறியப்பட்ட எவரோடும் அதற்குத் தொடர்பில்லை. கிருமியை அகற்றத் திரும்பத் திரும்பச் சிகிச்சை கொடுத்தும் அது போகவில்லை. பெற்றோரைச் சோதித்தபோது அவர்களிடமும் அதே கிருமி இருந்தது. அந்தக் குடும்பம் பண்ணை வீட்டில் வாழ்ந்து பன்றி வளர்த்து வந்த குடும்பம்.

இதே காலத்தில், பெரும்பாலும் பன்றிகளுக்கே மருத்துவம் பார்த்துவந்த கால்நடை மருத்துவர் ஒருவரின் வீட்டிலும், அவருடைய மகனைக் கவனித்துக்கொண்ட செவிலியரிடமும் எம்ஆர்எஸ்ஏ கண்டறியப்பட்டது. ஆன்ட்ரியாஸ் வாஸ் தலைமையிலான நைமேகன் குழுவினர் அந்த வட்டாரத்துப் பன்றி வளர்ப்போர் 26 பேரின் மாதிரிகளைச் சோதித்தார்கள். ஆறு பேரிடம் கிருமி இருந்தது. நெதர்லாந்துப் பொதுமக்களிடையே காணப்படும் அளவைக் காட்டிலும் இது 760 மடங்குக்கும் அதிகம் என்று 2005 டிசம்பரில் வெளியான அவர்களுடைய கட்டுரை தெரிவித்தது. விலங்கிலிருந்து மனிதருக்கும், குடும்பத்தினர் ஒருவரிலிருந்து மற்றவருக்கும், மருத்துவமனைக்குள் செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலும் கிருமி கடந்திருக்கிறது என்பது அவர்களுடைய முடிவு.

இந்தக் கண்டுபிடிப்பு ஏன் நெதர்லாந்தில் நிகழ்ந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் நலமாயிருக்கும் மனிதர்களில் நான்கில் ஒருவரின் மூக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கும் கிருமி. புண் வழியாகவோ அறுவைக் காயம் வழியாகவோ இரத்தத்தில் கலந்தால்தான் அது உயிரைப் பறிக்கும். மெத்திசிலினுக்குக் கட்டுப்படாத வகையோ பென்சிலின் குடும்பத்து மருந்துகள் அனைத்தையும் பயனற்றதாக்கிவிடும். 2000-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் இரத்தத் தொற்றை உண்டாக்கிய ஆரியஸ் கிருமிகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் எம்ஆர்எஸ்ஏவாக இருந்தபோது, நெதர்லாந்தில் அது ஓரிரு விழுக்காட்டைத் தாண்டவில்லை. ‘தேடி அழித்தல்’ என்ற கொள்கையை அந்நாட்டு மருத்துவமனைகள் விடாப்பிடியாகக் கடைப்பிடித்ததே இதற்குக் காரணம். ஆபத்துக்குரிய நோயாளிகளை வாசலிலேயே சோதிப்பது, முடிவு வரும்வரை தனி அறையில் வைப்பது, கிருமி உள்ளவர்களுக்கு மூக்கில் முபிரோசின் களிம்பு தடவி, கிருமிநாசினிச் சோப்பால் குளிக்கவைத்து அதை அகற்றுவது என்று அவர்கள் நடத்திவந்தார்கள். எம்ஆர்எஸ்ஏ மலிந்த ஒரு நாட்டில் இந்தக் குழந்தையின் கிருமி நூற்றோடு நூற்றொன்றாகப் பதிவேட்டில் போயிருக்கும். அது அரிதாயிருந்த நாட்டில்தான் ‘எங்கிருந்து வந்தது’ என்ற கேள்வி எழுந்தது.

ஆய்வுக்கூடத்தில் இன்னொரு புதிரும் காத்திருந்தது. எம்ஆர்எஸ்ஏ கிருமிகளை வகை பிரிக்க அக்காலத்தில் பயன்பட்ட முறை, ஸ்மா-ஒன்று என்னும் நொதியால் கிருமியின் மரபணு இழையைத் துண்டுகளாக வெட்டி, அத்துண்டுகளை மின்புலத்தில் ஜெல்லின் ஊடே ஓடவிட்டு, அவை அமையும் பட்டை வரிசையைப் பார்ப்பது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு பட்டை வரிசை உண்டு. பண்ணையிலிருந்து வந்த கிருமிகளை ஓடவிட்டபோது பட்டைகளே விழவில்லை. நொதி வெட்ட வேண்டிய இடங்களில் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டி, அந்த இடங்களை மறைத்துவைக்கும் திறன் இக்கிருமிக்கு இருந்ததே இதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. ‘வகைப்படுத்த இயலாதவை’ என்று ஒதுக்கிவைத்த அந்தக் குவியலே, நாளடைவில், பண்ணையிலிருந்து வந்தவற்றை அடையாளம் காட்டும் குறியாக மாறியது. 2002இல் நெதர்லாந்தின் எம்ஆர்எஸ்ஏ பதிவுகளில் இத்தகைய கிருமி ஒன்றுகூட இல்லை. 2006இன் பிற்பகுதியில் மொத்தப் பதிவுகளில் 21 விழுக்காட்டுக்கு மேல் இவையே. வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், அவை பன்றிப் பண்ணைகள் அடர்ந்த பகுதிகளிலேயே குவிந்திருந்தன. மரபுத்தொடர் வகைப்படுத்தலில் இதற்குக் கிடைத்த பெயர் சிசி398, அதாவது ஒரே மூதாதையிலிருந்து கிளைத்த கிருமிக் குடும்பங்களில் 398 என்ற எண் கொண்டது. ஏறத்தாழ இதே நேரத்தில் பிரான்சிலும், பன்றி வளர்ப்போரிடமும் பன்றிகளிடமும் ஒரே குடும்பத்து ஆரியஸ் கிருமிகள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள்.

கொட்டகைக்குள்

நெதர்லாந்தில் அப்போது மக்கள்தொகை 1.6 கோடி, பன்றிகளின் எண்ணிக்கை 1 கோடிக்கு மேல். ஒன்பது இறைச்சிக் கூடங்களில் 540 பன்றிகளின் மூக்கில் மாதிரி எடுத்துப் பார்த்தபோது 39 விழுக்காட்டில் எம்ஆர்எஸ்ஏ இருந்தது. 54 மந்தைகளில் 44இல் குறைந்தது ஒரு பன்றியிடமாவது அது இருந்தது. 2007இல் வெளியான இந்த எண்கள், இது ஓரிரு பண்ணைகளின் பிரச்சினை அல்ல என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டின.

பன்றிகளுக்கு யாரும் மெத்திசிலின் கொடுத்ததில்லை. பிறகு மெத்திசிலினுக்குக் கட்டுப்படாத கிருமி அங்கே எப்படித் தழைத்தது? இதற்கு விடை காண, பண்ணையில் பால் மறக்கடிக்கும் வாரத்தை உற்றுப் பார்க்க வேண்டும். நான்கு வாரம் ஆன குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, பல தாய்களின் குட்டிகளை ஒரே அடைப்பில் கலந்துவிடுவார்கள். பால் நின்று, மாவுத் தீவனம் தொடங்கி, அறிமுகமில்லாத குட்டிகளோடு முட்டி மோதும் அந்த நாட்களில், குடலில் ஈ.கோலை பெருகிக் கழிச்சல் கண்டு குட்டிகள் மடிவது வழக்கம். பத்துக் குட்டிகளுக்குக் கழிச்சல் என்றால், பத்தை மட்டும் பிடித்து ஊசி போடுவதற்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. குடிநீர்க் குழாயிலோ தீவனத்திலோ மருந்தைக் கலந்துவிட்டால் நூறு குட்டிகளும் அதை உண்ணும். நோயுற்ற குட்டி தீவனம் எடுக்காது. ஆகவே மருந்து தேவைப்படும் குட்டிக்குக் குறைவாகவும், தேவைப்படாத குட்டிகளுக்கு நிறைவாகவும் போய்ச் சேரும். அவ்வாறு போனவற்றில் முதன்மையானது டெட்ராசைக்ளின். நெதர்லாந்தில் கால்நடைகளுக்கு விற்ற ஆன்டிபயாட்டிக்குகளில் பாதியளவு அதுவே. சிசி398 எம்ஆர்எஸ்ஏ கிருமிகள் ஏறத்தாழ எல்லாமே டெட்ராசைக்ளினுக்குக் கட்டுப்படாதவை. ஆக, டெட்ராசைக்ளின் கலந்த ஒவ்வொரு வாளி தண்ணீரும் அதன் போட்டியாளர்களை ஒழித்து அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தது. மெத்திசிலின் எதிர்ப்பைத் தரும் அதே மரபணு அமாக்சிசிலின் முதலான மருந்துகளையும் செபலோஸ்போரின்களையும் சேர்த்தே முறியடிக்கும் என்பதால், பண்ணையில் அம்மருந்துகளைப் பயன்படுத்தியதும் அதற்கே சாதகமாயிற்று.

இவற்றோடு ஆன்டிபயாட்டிக்கே அல்லாத ஒரு பொருளும் சேர்ந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கழிச்சலைத் தடுக்க, பால் மறந்த குட்டிகளின் தீவனத்தில் ஒரு கிலோவுக்கு 2,500 மில்லிகிராம் என்ற அளவில் இரண்டு வாரம் வரை துத்தநாகத்தைத் துத்தநாக ஆக்சைடாகச் சேர்க்கும் பழக்கம் ஐரோப்பாவில் இருந்தது. ஆன்டிபயாட்டிக்கைக் குறைக்க விரும்பிய நல்ல எண்ணம் கொண்ட பண்ணையாளரும் துத்தநாக ஆக்சைடைத்தான் நாடினார். ஆனால் சிசி398 கிருமிகள் பலவற்றில், மெத்திசிலின் எதிர்ப்பு மரபணு அமர்ந்திருக்கும் அதே மரபுத் துண்டில் துத்தநாகத்தைத் தாங்கும் மரபணுவும் அமர்ந்திருக்கிறது. துத்தநாகம் ஒன்றைக் காப்பாற்றினால் இரண்டும் பிழைக்கும். தீவனத்தில் மருந்தளவில் துத்தநாக ஆக்சைடு சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூன் மாதத்தோடு நிறுத்தியது. அதற்கு முதற்காரணம் சாணத்தின் வழியே மண்ணில் சேரும் உலோகம்தான் என்றாலும், எதிர்ப்புத் திறன் குறித்த கவலையும் அம்முடிவில் இருந்தது.

கிருமி கொட்டகையில் எங்கே இருக்கிறது என்று கேட்பதைவிட எங்கே இல்லை என்று கேட்பது எளிது. காய்ந்த சாணம், உதிர்ந்த தோல் செதில், தீவனத் துகள் ஆகியவை கலந்த தூசு கொட்டகைக் காற்றில் எப்போதும் மிதக்கிறது. குட்டிக்கு ஊசி போடுபவர், அடைப்பு மாற்றுபவர், தரையைப் பீய்ச்சிக் கழுவுபவர் என ஒவ்வொருவரும் பணி முடியும்வரை அந்தத் தூசையே சுவாசிக்கிறார்கள். பன்றியைத் தொடாமலே மூக்கில் கிருமி வந்து தங்குவதற்கு இதுவே வழி. 2006இல் கோபன்ஹேகனில் நடந்த பன்றி நலம் குறித்த பன்னாட்டு மாநாட்டில், கலந்துகொண்டவர்களில் 272 பேர் மாதிரி கொடுக்க முன்வந்தார்கள். ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 34 பேரிடம், அதாவது எட்டில் ஒருவரிடம், எம்ஆர்எஸ்ஏ இருந்தது. அவர்களில் பலர் கால்நடை மருத்துவர்கள். கையுறையும் முகக்கவசமும் எதற்கென்று நன்கு அறிந்தவர்களே இந்த நிலையில் இருந்தார்கள் என்றால், தினக்கூலிக்கு வந்து தரை கழுவுபவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

மனிதரிடமிருந்து சென்று, மனிதரிடமே திரும்பியது

பன்றியின் கிருமி மனிதனைத் தாக்கியது என்று இந்த நிகழ்வைச் சுருக்கிச் சொல்வதுண்டு. அது பாதி உண்மையே. லான்ஸ் பிரைஸ் தலைமையில் 2012இல் வெளியான ஆய்வு, 19 நாடுகளிலிருந்து திரட்டிய 89 சிசி398 கிருமிகளின் முழு மரபுத்தொடரையும் ஒப்பிட்டு அவற்றின் வம்சாவளியை வரைந்தது. வேரில் இருந்தவை மனிதரிடம் வாழ்ந்தவை. மெத்திசிலினுக்கும் டெட்ராசைக்ளினுக்கும் அடங்கிப்போனவை. அவை மனிதரிடமிருந்து கால்நடைக்குத் தாவின. தாவிய பின், மனித நோய்த்தடுப்பிலிருந்து தப்பிக்க உதவிய மரபணுக்களைத் தேவையில்லை என்று உதறின; பண்ணையில் தேவைப்பட்ட டெட்ராசைக்ளின் எதிர்ப்பையும் மெத்திசிலின் எதிர்ப்பையும் சேர்த்துக்கொண்டன. பிறகுதான் பண்ணையில் பாடுபடுபவரின் மூக்குக்குத் திரும்பின. மருந்துக்கு அடங்கும் ஒரு கிருமியை நாமே கொடுத்து, மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பப் பெற்றோம். பன்றியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கு இதில் இடமில்லை.

அந்த மரபணுக்களை அது உதறிவிட்டதால் மனிதருக்கு ஓரளவு நன்மையும் விளைந்தது. மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவுவதில் சிசி398, மருத்துவமனைகளில் வழக்கமாகக் காணும் எம்ஆர்எஸ்ஏவைவிடப் பல மடங்கு மந்தமானது என்பதை நெதர்லாந்து மருத்துவமனைகளின் தரவுகள் காட்டின. பண்ணையாளர்களுக்கு அது பெரும்பாலும் கட்டி, காயத்தில் சீழ் என்ற அளவோடு நின்றது. இதைக் கொண்டு இக்கிருமி ஆபத்தற்றது என்று சொல்லிவிட முடியாது. 2007இலேயே நெதர்லாந்து மருத்துவமனை ஒன்றுக்குள் நோயாளிகளுக்கும் ஊழியர்களுக்கும் இடையே அது பரவியது. இரத்தத் தொற்று, இதய வால்வில் தொற்று ஆகியவையும் பதிவாகியிருக்கின்றன. டென்மார்க்கில் முதியோரும் நோய்த்தடுப்பு குன்றியோரும் இதனால் இறந்திருக்கிறார்கள், அவர்களில் பன்றிப் பண்ணைப் பக்கமே போகாதவர்களும் இருந்தார்கள். உதறிய மரபணுக்களைச் சில கிளைகள் மீண்டும் பெற்றிருப்பதையும் பின்னாளைய ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

மூக்கைத் துடைப்பதா, கொட்டகையைத் துடைப்பதா

இந்த நிகழ்வில் மிகுதியாகப் பேசப்பட வேண்டியது எது என்று கேட்டால், நான் இரண்டு ஆய்வுகளைச் சுட்டுவேன். முதலாவதில், மாதிரி எடுக்கப் பண்ணைகளுக்குப் போய்வந்த களப்பணியாளர்களைப் பண்ணைக்குள் நுழையும் முன்பும், வெளியே வந்தவுடனும், மறுநாளும் சோதித்தார்கள். வெளியே வரும்போது ஆறில் ஒருவரின் மூக்கில் எம்ஆர்எஸ்ஏ இருந்தது. ஆனால் அவர்களில் 94 விழுக்காட்டினரிடம் 24 மணி நேரத்துக்குள் அது மறைந்துவிட்டது. களிம்பு எதுவும் தேவைப்படவில்லை. இரண்டாவது, இறைச்சிக்காகக் கன்று வளர்க்கும் பண்ணையாளர்களைப் பற்றியது. கன்றுகள் விற்றுப்போய்க் கொட்டகை காலியாயிருக்கும் இடைவெளியில் அவர்களிடையே கிருமி காணப்படுவது பாதிக்கும் மேல் குறைந்தது. விலங்கோடு செலவிடும் நேரத்தைப் பொறுத்தே கிருமி மனிதரிடம் தங்குகிறது.

இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். பண்ணைத் தொழிலாளியை நோயாளி என்று கருதி அவர் மூக்குக்கு மருந்து தடவுவது, மழையில் நிற்பவருக்குத் துண்டு கொடுப்பதைப் போன்றது. மறுநாள் காலை அவர் அதே கொட்டகைக்குள் நுழையத்தான் போகிறார். நைமேகன் குழந்தைக்கு முதலில் கொடுத்த சிகிச்சைகள் ஏன் தோற்றன என்பதும் இங்கே விளங்குகிறது: பெற்றோர் வழியாகக் கிருமி நாள்தோறும் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் நெதர்லாந்து முதலில் செய்தது மருத்துவமனை வாசலைக் காப்பதே. 2006 முதல், உயிருள்ள பன்றிகளோடு தொடர்புள்ளவர்கள் மருத்துவமனைக்கு வந்தால் தனி அறையில் வைத்துச் சோதிக்கும் விதி வந்தது. மற்ற நோயாளிகளைக் காக்க அது தேவையே. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மனிதர்களை ஆபத்துப் பட்டியலில் சேர்ப்பதற்கும், அவர்களுடைய பணியிடத்தின் ஆபத்தைக் குறைப்பதற்கும் இடையே சில ஆண்டுகள் உருண்டோடின என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

மருந்தைக் குறைக்கும் முடிவு வந்தபோது, அது உறுதியாகவே வந்தது. கால்நடை ஆன்டிபயாட்டிக் விற்பனையை 2009ஆம் ஆண்டின் அளவோடு ஒப்பிட்டு 2013க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று நெதர்லாந்து அரசு இலக்கு வைத்தது. ஒரு பண்ணைக்கு ஒரே கால்நடை மருத்துவர் என்று ஒப்பந்தம் கட்டாயமாயிற்று. கடை மாற்றிக் கடை போய் மருந்து வாங்கும் வழி அடைபட்டது. ஒவ்வொரு பண்ணையின் பயன்பாடும் பதிவாகி, ஒத்த பண்ணைகளோடு ஒப்பிடப்பட்டது; அதிகம் பயன்படுத்துபவர் யார், அதிகம் எழுதிக்கொடுக்கும் மருத்துவர் யார் என்பது வெளிச்சத்துக்கு வந்தது. இதற்கென 2010இல் தனி அமைப்பு ஒன்றும் நிறுவப்பட்டது. மனித மருத்துவத்தில் இன்றியமையாத ஃப்ளோரோகுவினலோன்களையும் புதிய தலைமுறைச் செபலோஸ்போரின்களையும் ஆய்வுக்கூடச் சோதனை இல்லாமல் கொடுக்கக் கூடாது என்றாயிற்று. 2013இல் விற்பனை பாதிக்கும் கீழே இறங்கியது. பின்னர் மேலும் குறைந்தது. பன்றி வளர்ப்புத் தொழில் இதனால் சரிந்துவிடவில்லை.

ஆனால் சிசி398 போகவில்லை. மருந்து பாதியாகக் குறைந்த பிறகும் பெரும்பாலான பன்றிப் பண்ணைகளில் அது நீடிக்கிறது. வந்து குடியேறிய கிருமி, மருந்தின் உதவி குறைந்தாலும், தூசிலும் தாய்ப்பன்றியின் மூக்கிலும் தலைமுறை தலைமுறையாகத் தொடர முடிகிறது. மருந்தைக் குறைத்தது வீண் என்று இதற்குப் பொருளில்லை. அடுத்து வரக்கூடிய எதிர்ப்புத் திறன்களுக்கு அது போட்ட தடை மிகப் பெரிது. ஆனால் ஒரு முறை பரவியதைத் திரும்பப் பெறுவது வேறு வேலை.

டென்மார்க்கும் நார்வேயும் இந்த வேறுபாட்டை அருகருகே வைத்துக் காட்டுகின்றன. டென்மார்க் பண்ணைகளில் 2008இல் சிசி398 அரிதாகவே கிடைத்தது. 2014இல் சோதித்த பண்ணைகளில் 68 விழுக்காட்டிலும், 2016இல் 88 விழுக்காட்டிலும் அது இருந்தது. இனப்பெருக்கப் பண்ணைகளிலிருந்து குட்டி பெருக்கும் பண்ணைகளுக்கும், அங்கிருந்து கொழுக்கவைக்கும் பண்ணைகளுக்கும் விலங்குகள் ஓயாமல் இறங்கிக்கொண்டிருக்கும் அமைப்பில், மேலே புகுந்த கிருமி கீழே வரை ஓடியது. கால்நடைகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதில் ஐரோப்பாவிலேயே கட்டுப்பாடு மிகுந்த நாடுகளில் ஒன்றாக டென்மார்க் அப்போதே இருந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மந்தைகளிலிருந்து கிருமியை ஒழிக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்ட நிலையில், 2015ஆம் ஆண்டுத் திட்டத்தில் அந்நாடு, கொட்டகையிலிருந்து வெளியேறும் இடத்தில் கை கழுவவும் உடை மாற்றவும் முன்னறை ஏற்பாட்டை வலியுறுத்தியது; கிருமியைக் கொட்டகைச் சுவருக்குள் நிறுத்தும் முயற்சி அது.

நார்வே வேறு வழியில் போனது. கிருமி சில பண்ணைகளில் மட்டும் தென்பட்டபோதே, அந்த மந்தைகளை முழுவதுமாக அகற்றி, கொட்டகைகளைக் கழுவிக் கிருமிநாசினி அடித்து, தூய்மை உறுதியான பின் புதிய மந்தையை ஏற்றியது. 2014 முதல் நாட்டின் பன்றி மந்தைகளைத் தொடர்ந்து சோதிக்கவும் தொடங்கியது. நார்வே வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பன்றிகளை இறக்குமதி செய்வதில்லை எனலாம். பிறகு கிருமி எப்படி உள்ளே வந்தது? மரபுத்தொடரையும் பண்ணைகளுக்கு இடையிலான தொடர்புகளையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அது மனிதர்கள் வழியாக, வெளிநாட்டிலிருந்து பண்ணை வேலைக்கு வந்தவர்கள் வழியாக நுழைந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்தத் தொழிலாளர்கள் கிருமியைத் தேடிப் போய் எடுத்து வந்தவர்கள் அல்லர். வேறொரு நாட்டின் கொட்டகையில் செய்த வேலையின் மிச்சத்தைத் தங்கள் மூக்கில் சுமந்து வந்தவர்கள். அவர்களுக்கு வேலை மறுப்பது இதற்குத் தீர்வாகாது. பணியில் சேரும் முன் சோதனை, கிருமி இருந்தால் அகற்றும்வரை ஊதியத்தோடு காத்திருப்பு என்று இருந்தால்தான், எவரும் உண்மையை மறைக்காமல் மூக்கை நீட்டுவார்.

நெதர்லாந்தில் ஒரு பன்றி வளர்ப்பவர் இடுப்பு எலும்பு அறுவைக்கு மருத்துவமனைக்கு வந்தால், பதிவின்போது கேட்கும் கேள்விகளில் பன்றிகளோடு தொடர்பு உண்டா என்பதும் ஒன்று. ஆம் என்றால், மூக்கிலும் தொண்டையிலும் தொடையிடுக்கிலும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து, முடிவு வரும்வரை தனி அறையில் வைக்கிறார்கள். உள்ளே வரும் செவிலியர் மேலங்கியும் முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொள்கிறார். அறைக்குள் நுழையுமுன் செவிலியர் அணிந்துகொள்ளும் அந்த முகக்கவசம், அந்தப் பன்றி வளர்ப்பவர் முப்பது ஆண்டுகளாகப் பாடுபட்ட கொட்டகையின் கதவருகே மாட்டியிருந்ததா என்று கேட்கும் கேள்வி பதிவுப் படிவத்தில் இல்லை.